பழைய கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளா?

பழைய வீட்டுக்கு மருமகளாக வருகிறவளுக்கு மாமியார், நாத்தனார் குணம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த வீட்டுக் கதவுகளின் குணமும் தெரிய வேண்டும். எந்தக் கதவை லேசாகத் தூக்கித் தள்ள வேண்டும், எந்தத் தாழ்ப்பாளை இரண்டு தட்டுத் தட்டி இழுக்க வேண்டும், எந்தக் கீல் ராத்திரியில் 'கிறீச்' என்று கத்தித் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடும் என்பதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பழகப் பழகத்தான் தெரியும்.

எங்களுடையது கும்பகோணத்தில் அப்படிப்பட்ட ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டு கொல்லையில் போய் முடியும். சின்னதும் பெரிசுமாகப் பதினோரு கதவுகள். அவற்றில் பித்தளைத் தாழ்ப்பாள், இரும்புத் தாழ்ப்பாள், வளையம், சங்கிலி, கொண்டி, நாதாங்கி என்று எல்லாம் உண்டு. இவற்றோடு இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறேன்.

அதனால்தான் ஒரு சகோதரி எழுதிய கடிதத்தைப் பார்த்ததும் இந்தத் தடவை இதைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது. "பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். கதவெல்லாம் நல்ல தேக்கு. தாழ்ப்பாள்கள்தான் பாதி வேலை செய்யவில்லை. பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா, பழசையே சரி செய்யலாமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, மாமனாரும் இருக்கிறார்" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. பித்தளையா இரும்பா, எத்தனை வருஷத்துச் சரக்கு என்பதெல்லாம் அப்புறம். முதலில் வீட்டிலேயே சின்னக் கையையும், வீட்டிலேயே வயதான கையையும் நினைத்துப் பாருங்கள். பெரியவர் இருட்டில், கண்ணாடி போடாமல், தனியாகத் திறந்துகொண்டு வர முடிகிறதா? குழந்தை உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ள முடியாதபடி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் 'ஆமாம்' என்று சொல்கிற தாழ்ப்பாள் எவ்வளவு பழசானாலும் இருக்கட்டும், சரி செய்துகொள்ளலாம். சொல்லாத தாழ்ப்பாள் எவ்வளவு அழகானாலும் வேலையிலிருந்து ஓய்வு பெறட்டும்.

இது எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஐப்பசி அடைமழை. நாலு நாளாக வெயில் முகமே தெரியவில்லை. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அப்போது 78 வயது. குளித்துவிட்டுப் புடவை மாற்றத் தன் அறைக்குள் போய்த் தாழிட்டவரால் திரும்ப வெளியே வர முடியவில்லை. அந்தக் கதவில் முக்கால் அடி நீளத்துக்குக் கனமான இரும்புத் தாழ்ப்பாள். ஈரத்தில் கதவு ஊறி நிலையோடு இறுகிப் போக, தாழ்ப்பாளும் நாதாங்கிக்குள் நெரிந்துகொண்டது. கரண்ட் வேறு இல்லை.

"ஏம்மா, இழுக்க வரலியே" என்று முதலில் சாதாரணமாகத்தான் சொன்னார். பத்து நிமிஷத்தில் குரலே மாறிவிட்டது. முற்றத்துப் பக்க ஜன்னல் கம்பி வழியாகத் தண்ணீரும் விசிறியும் கொடுத்தேன். இவர் வெளியிலிருந்து கதவைத் தோளால் இடித்தார். ஊஹூம், இடிக்க இடிக்க இன்னும் இறுகியதுதான் மிச்சம். கடைசியில் தெருக்கோடியிலிருந்து ஆசாரியைக் கூட்டி வந்தோம். அவர் கதவைத் தள்ளவே இல்லை. வளையத்தைப் பிடித்துத் தன் பக்கமாக இறுக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பாட்டிம்மா, இப்ப கதவு மேலே சாஞ்சு அழுத்திக்கிட்டு மெதுவா நகத்துங்க" என்றார். இரண்டாவது முயற்சியிலேயே தாழ்ப்பாள் நகர்ந்துவிட்டது.

இந்த ஒரு விஷயத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளினால் அந்தப் பாரமெல்லாம் தாழ்ப்பாள் மேல் விழும். நிலையை ஒட்டிக் கதவை இழுத்துப் பிடித்தால் பாரம் குறையும், தாழ்ப்பாள் நகரும். உள்ளே இருப்பது குழந்தையாக இருந்தாலும் பெரியவராக இருந்தாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

அத்தை வெளியே வந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து தாழிடுவதையே விட்டுவிட்டார். புடவை மாற்றும்போதுகூடக் கதவை வெறுமனே சாத்திக்கொண்டு, "யாரும் வராதீங்க" என்று குரல் கொடுப்பார். வீட்டில் வளர்ந்த பையன்கள் இருக்கிறார்கள், வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை அந்தக் குரலைக் கேட்கும்போதும் எனக்கு என்னமோ போலிருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டை ஆண்ட மனுஷி, தன் அறைக் கதவைத் தானே மூடிக்கொள்ளப் பயப்படுவதாவது!

அப்புறம்தான் வீட்டில் விவாதம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரே மாதிரி ஸ்டீல் தாழ்ப்பாள் போட்டுவிடலாம் என்றார் இவர். தாத்தா காலத்துச் சாமான், ஒன்றைக்கூடத் தொடக்கூடாது என்று நாத்தனார் போனில் சண்டை. கடைசியில் அத்தையையே கேட்டோம். "பித்தளையோ தகரமோ, எனக்குத் திறக்கணும். அவ்வளவுதான்" என்றார். இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அவர் அறைக்கு மட்டும் புதுசு வாங்கினோம். நாலு அங்குல டவர் போல்ட், உருண்டைக் குமிழ் வைத்தது. அவர் மார்பு உயரத்துக்கு, தரையிலிருந்து நாலு அடியில் பொருத்தச் சொன்னேன். கையைத் தூக்க வேண்டாம், குனியவும் வேண்டாம். நாதாங்கித் துவாரத்தை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தியதால் மழைக்காலத்திலும் பிடிக்காது. பழைய இரும்புத் தாழ்ப்பாள் அதே இடத்தில்தான் இருக்கிறது, நகராதபடி ஒரு திருகாணி போட்டுவிட்டோம். இரண்டு நாள் அத்தை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து 'டக்' என்று தாழ் விழுகிற சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

குழந்தை இருக்கிற வீட்டில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கையைத் தூக்கினால் கிட்டத்தட்ட மூன்றரை அடி எட்டும். ஆகையால் குளியலறை, படுக்கையறைத் தாழ்ப்பாள் நாலு, நாலேகால் அடியில் இருந்தால் குழந்தைக்கு எட்டாது, பெரியவருக்கு எட்டும். பக்கத்தில் முக்காலி, வாளி இருக்கக்கூடாது, ஏறி நின்றுவிடுவார்கள். வெளியிலிருந்து ஒரு காசை நுழைத்துத் திருப்பினால் திறக்கிற தாழும் இப்போது கிடைக்கிறது. குளியலறைக்கு அதுதான் நல்லது.

விரல் விஷயமும் உண்டு. கதவு திறக்கிற பக்கத்தை எல்லோரும் பார்க்கிறோம், கீல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. பாக்குவெட்டியில் பாக்கை எங்கே வைக்கிறோம்? ஆணிக்குப் பக்கத்தில்தானே? அங்கேதான் பலம் அதிகம். கதவும் அதே மாதிரிதான். அந்தச் சந்தில் குழந்தையின் விரல் இருந்தால், கதவை மெதுவாகச் சாத்தினால்கூட நசுங்கிவிடும். கனத்த கதவுகளைத் திறந்து வைத்தால் சுவரோடு கொக்கி போட்டு நிறுத்துங்கள்.

இப்போது சரி செய்கிற கதைக்கு வருகிறேன். தாழ்ப்பாள் நாதாங்கியில் சேரவில்லை என்றால் உடனே தாழ்ப்பாளைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் கதவுதான் இறங்கியிருக்கும். பழைய கதவுகள் பலவற்றில் கீலே கிடையாது, குடுமிதான். பலகையின் ஓரக் கட்டையே மேலும் கீழும் உருண்டையாக நீண்டு, மேலே நிலையின் துளையிலும் கீழே குழியிலும் சுழலும். வருஷக் கணக்கில் சுழன்று கீழ்க் குடுமி தேயும், கதவு தாழும், தாழ்ப்பாளும் கூடவே தாழும். மேலே இடம் இருந்தால் ஆசாரி கதவைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கிக் குழிக்குள் ஒரு பித்தளை வில்லை வைத்துவிடுவார். எங்கள் வாசல் கதவுக்கு இந்த ஒரு வில்லைதான் வைத்தியம். தாழ்ப்பாளைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. கதவைத் தூக்குகிற வேலையை மட்டும் நீங்களாக முயற்சி செய்யாதீர்கள். தேக்குக் கதவு காலில் விழுந்தால் அவ்வளவுதான்.

கீல் வைத்த கதவானால் மேல் கீலின் திருகாணிகளைப் பாருங்கள். ஆடிக்கொண்டிருந்தால் கழற்றி, துளைக்குள் மூங்கில் சிம்பையோ தலை கிள்ளிய தீக்குச்சிகளையோ மரப்பசையில் தோய்த்துச் செருகி, காய்ந்தபின் மறுபடி முடுக்குங்கள். எங்கே இடிக்கிறது என்றே தெரியாவிட்டால் தாழ்ப்பாள் நுனியில் கொஞ்சம் கண்மை தடவி ஒரு முறை போட்டுப் பாருங்கள். இடிக்கிற இடத்தில் மை ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவினால் போதும்.

ஒன்று முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் கதவு பிடிக்கிறதென்று அப்போதே இழைக்கச் சொல்லாதீர்கள். மரம் ஈரத்தை வாங்கி அகலத்தில் உப்பும், வெயில் வந்தால் சுருங்கும். மழையில் இழைத்த கதவு சித்திரையில் விரல் நுழைகிற அளவு சந்து விடும். தை மாசிவரை பொறுத்துப் பார்த்து, அப்போதும் பிடித்தால் இழைக்கலாம். அதுவரை பிடிக்கிற ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

துருப்பிடித்து நகராத இரும்புத் தாழ்ப்பாளுக்கு நம் தையல் மிஷின் எண்ணெயே மருந்து. நாலு சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பக்கவாட்டில் லேசாகத் தட்டி முன்னும் பின்னும் அசையுங்கள். பலமாக ஒரே இழுப்பாக இழுத்தால் நாதாங்கி மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் தூசி சேர்ந்து பிசினாகிவிடும். பூட்டுக்குள் எந்த எண்ணெயுமே வேண்டாம். பென்சில் முனையைச் சுரண்டி அந்தப் பொடியைச் சாவியில் தடவி நாலைந்து தடவை போட்டு எடுங்கள், வழுக்கிக்கொண்டு வரும்.

சாவி தொலைந்த பழைய பூட்டை உடைத்துவிடாதீர்கள். பூட்டைக் கழற்றிக் கொண்டுபோனால் பழக்கப்பட்ட பூட்டு ரிப்பேர்க்காரர் அதைப் பார்த்தே சாவி செய்து தருவார். திண்டுக்கல் பூட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையாலேயே செய்கிற அந்தப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செய்த மாங்காய்ப் பூட்டு இன்னும் எத்தனையோ வீடுகளில் தொங்குகிறது.

பித்தளையைத் துலக்குவது நமக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் குடத்துக்குச் செய்கிற மாதிரி புளித்தண்ணீரை ஊற்றித் தேய்த்தால் மரத்தில் இறங்கிக் கறை படியும். முடிந்தால் கழற்றித் துலக்குங்கள். முடியாவிட்டால் கெட்டிப் புளியாகத் தடவி, ஈரத்துணியால் துடைத்து, உடனே காயவிடுங்கள். புளியிலோ வினிகரிலோ ராத்திரி முழுக்க ஊறப் போடவும் கூடாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பில் அதிக நேரம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து சாமான் செம்புச் சிவப்பாகத் திட்டுத் திட்டாகிவிடும். பித்தளைத் தகட்டுக்குப் பித்தளைத் திருகாணியே போடச் சொல்லுங்கள். இரும்பு போட்டால் ஈரத்தில் அது சீக்கிரம் துருவேறும். பித்தளைத் திருகாணி மெத்தென்றிருப்பதால் முடுக்கும்போது தலை முறியலாம். அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் போட்டு எடுத்து வழி செய்துவிட்டு, பிறகு பித்தளையை மெழுகு தடவிப் போட்டால் சுலபமாக இறங்கும்.

இளம் தாய்மார்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். பழைய கதவுகளிலும் தாழ்ப்பாள்களிலும் கோட்டுக்கு மேல் கோட்டாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அந்தக் காலப் பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கலாம். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற சட்ட விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பழைய பெயிண்டை உப்புத்தாளால் உலர்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூசி வீடெங்கும் படியும். தவழ்கிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைத்துக்கொள்ளும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் ஆகாது. ஆகவே சுரண்டுவதானால் நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். தீயால் வாட்டி எடுக்க விடாதீர்கள். குழந்தையும் கர்ப்பிணியும் வேலை முடிகிறவரை வேறு வீட்டில் இருக்கட்டும். பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். பெயிண்ட் அப்பிய சின்னச் சாமான்களைச் சமையல் சோடா போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்தால் பெயிண்ட் உரிந்து வரும். ஆனால் அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது.

ஜோடியில் ஒரு குமிழோ வளையமோ காணாமல் போயிருந்தால்? எங்கள் பக்கத்தில் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் பேர் போன ஊர். அங்கே மண்ணில் அச்செடுத்துப் பித்தளை வார்க்கிறார்கள். அப்படி வார்ப்பு வேலை செய்கிற பட்டறையில் இருக்கிற ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தால் இன்னொன்று வார்த்துத் தருவார்கள். பித்தளை ஆறும்போது கொஞ்சம் சுருங்கும், அதனால் புதுசு மயிரிழை சின்னதாக இருக்கும். மாதிரி கொடுக்கும்போதே இதைப் பேசிக்கொள்ளுங்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கதவுச் சாமான்கள் அங்கே கிடைக்கும். போகும்போது காகிதத்தில் நம் தாழ்ப்பாளை வைத்து அதைச் சுற்றிக் கோடு போட்டு, ஆணித் துளைகளையும் குறித்து எடுத்துப் போங்கள். கண்ணளவு நம்பி வாங்கினால் கதவில் புதுத் துளை போட வேண்டிவரும்.

வாசல் கதவைப் பற்றி ஒரு வார்த்தை. திருட்டுக்குப் பயந்து ராத்திரி உள்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிற வழக்கம் பழைய வீடுகளில் உண்டு. தீ, கரண்ட் கோளாறு என்று அவசரம் வந்தால் இருட்டில் சாவி தேடவா முடியும்? கதவுக்கு அருகிலேயே, வெளியிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில், ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டுங்கள். அது எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கழற்றியே ஆக வேண்டியவற்றைக் கழற்றுங்கள். பழைய பித்தளையை எடைக்கு வாங்குகிறவர் வாசலில் நின்று ஆசை காட்டுவார். கொடுத்துவிடாதீர்கள். துடைத்து, திருகாணிகளோடு சேர்த்துத் துணிப்பையில் கட்டி, எந்த அறைக் கதவு என்று எழுதிப் பரணில் போடுங்கள். மரத்தில் விட்ட துளைகளை அதே ஜாதி மரச் சிம்பால் அடைத்துவிடுங்கள். நாளைக்கு உங்கள் மருமகளோ மகளோ வேண்டுமென்று நினைத்தால் மறுபடி பொருத்திக்கொள்ளலாம்.

இன்று மத்தியானம் வேலை ஒழிந்ததும் ஒரு காரியம் செய்யுங்களேன். வீட்டுப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் போய், கண்ணை மூடிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். எந்தக் கதவில் அவர் கை தயங்குகிறதோ அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆசாரியை அந்தக் கதவுக்கு முதலில் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுக் கதவுகளின் குணத்தையும் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் பார்ப்போமா?